கறுப்புக் கட்டைக்கு எதுக்கு ரெண்டு பேர்? ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல்: திருப்பாவை ராகங்கள் வழியா

(எபிசோடில் பேசினதைப் படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கேன். கீபோர்டுல வாசிச்சுக் காட்டின இடங்களை எழுத்துல விளக்கியிருக்கேன். பக்கத்துல கீபோர்டு இருந்தா நல்லது, இல்லைன்னா போன்ல ஏதாவது ஒரு பியானோ ஆப் போதும்.)

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். ராஜபாளையத்துலேர்ந்து ஒரு அக்கா அனுப்பியிருந்தாங்க. அவங்க பொண்ணு எட்டாவது படிக்குது. சனிக்கிழமை காலையில பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாய்ப்பாட்டு கத்துக்குது. சாயங்காலம் ராஜபாளையத்துலயே கீபோர்டு கிளாஸ்.

பாட்டு டீச்சர் ஒரு சுரத்தைப் பாடிக் காட்டி, "இதுக்குப் பேர் சாதாரண காந்தாரம்"னு சொல்லியிருக்காங்க. பொண்ணு வீட்டுக்கு வந்து, கீபோர்டுல சி கட்டையை 'ச'ன்னு வச்சுக்கிட்டு அந்தச் சுரத்தைத் தேடிப் பிடிச்சிருக்கு. ட்யூனர் ஆப்ல பார்த்தா "டி ஷார்ப்"னு காட்டுது. அடுத்த வாரம் கீபோர்டு கிளாஸ்ல தியரி டெஸ்ட். சி மைனர் ஸ்கேல் எழுதச் சொன்னப்போ, ஆப் காட்டின அதே டி ஷார்ப்பை எழுதியிருக்கு. சிவப்பு மையில அடிச்சு மார்க்கைக் குறைச்சுட்டாங்க. "இ ஃப்ளாட்"னு எழுதணுமாம்.

அக்கா கேட்டது இதுதான்: "தம்பி, ரெண்டும் ஒரே கட்டைதானே? அமுக்கினா ஒரே சத்தம்தானே வருது? அப்புறம் ஒருத்தர் காந்தாரம்ங்கிறார், ஆப்பு டி ஷார்ப்புங்குது, இன்னொருத்தர் இ ஃப்ளாட்டுங்கிறார். புள்ள குழம்புது. அடுத்த வருஷம் ஒன்பதாவது வேற. ரெண்டு கிளாஸ்ல ஒண்ண நிப்பாட்டிரலாம்னு இருக்கோம். எதை நிப்பாட்டலாம்?"

ரொம்ப நியாயமான கேள்வி. கீபோர்டு கத்துக்கிற பாதிப் பேர் இந்தக் கேள்வியை மனசுக்குள்ள வச்சுக்கிட்டேதான் சுத்துறாங்க. நான் மியூசிக் டீச்சர் இல்ல. சாஃப்ட்வேர் இன்ஜினியர், காலேஜ் பேண்டுல கீபோர்டு வாசிச்சவன். ஆனா இது அடிப்படையில பேர் வைக்கிற பிரச்சினை. பேர் வைக்கிற பிரச்சினை எங்க தொழில்ல தினமும் வரும்.

பன்னிரண்டு கட்டை, ஏழு பேர்

ராஜபாளையம் பக்கம் வளர்ந்தவங்களுக்கு மில் சங்கு தெரியும். ஊத ஆரம்பிக்கும்போது தாழ்ந்த குரல்ல ஆரம்பிச்சு, வழுக்கிக்கிட்டே மேல ஏறும். நடுவுல எங்கயும் படி கிடையாது. சத்தத்தோட உயரம் இயற்கையில அப்படித்தான், ஒரே சரிவு. அதுல படிக்கட்டு வெட்டினது மனுஷங்க.

கீபோர்டுல நடுவுல இருக்கிற சி ஒரு செகண்டுக்கு சுமார் 261.6 தடவை அதிருது. அடுத்த மேல் சி 523.3, சரியா இரண்டு மடங்கு. நம்ம ஊர்ல இதைக் கீழ் ச, மேல் ச என்போம். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சரிவைப் பன்னிரண்டு சமப் படியா வெட்டினா அதுதான் இன்னைக்கு கீபோர்டு. ஒவ்வொரு படி ஏறும்போதும் அதிர்வு சுமார் 1.0595 மடங்கு கூடும். இந்த ஒரு படிக்கு மேற்கத்திய இசையில செமிடோன், அதாவது அரைப்படின்னு பேர்.

படி பன்னிரண்டு. ஆனா எழுத்து ஏழுதான்: சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. இந்த ஏழும் வெள்ளைக் கட்டைகள். நம்ம கச்சேரி உலகத்துல இதையே எண்ணால சொல்றோம். ஒரு கட்டைன்னா சி, ரெண்டு கட்டைன்னா டி, மூணு இ, நாலு எஃப், அஞ்சு ஜி, ஆறு ஏ. "அவர் ஒண்ணரைக் கட்டையில பாடுறார்"னா, சி-க்கும் டி-க்கும் நடுவுல இருக்கிற கறுப்புக் கட்டையை ச-வா வச்சுப் பாடுறார்னு அர்த்தம். அஞ்சரைன்னா ஜி-க்கும் ஏ-க்கும் நடுவுல.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. ஒண்ணரைக் கட்டை, ரெண்டரைக் கட்டை, நாலரைக் கட்டை எல்லாம் இருக்கு. மூணரைக் கட்டை மட்டும் கிடையாது. ஏன்னா மூணாவது வெள்ளைக் கட்டைக்கும் நாலாவதுக்கும் நடுவுல கறுப்பு இல்ல. இ-லேர்ந்து எஃப்-க்கு அரைப்படிதான். பி-லேர்ந்து மேல் சி-க்கும் அப்படித்தான். மத்த வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவுல ரெண்டு ரெண்டு அரைப்படி, அதாவது ஒரு முழுப்படி. கீபோர்டுல கறுப்புக் கட்டை ரெண்டு, மூணு, ரெண்டு, மூணுன்னு கொத்துக் கொத்தா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

ஷார்ப்னா ஒரு கட்டளை

ஏழு எழுத்தை வச்சுப் பன்னிரண்டு படியையும் சொல்லியாகணும். அதுக்குத்தான் மூணு குறிகள்.

ஷார்ப்: அந்த எழுத்தை அரைப்படி ஏத்து.
ஃப்ளாட்: அந்த எழுத்தை அரைப்படி இறக்கு.
நேச்சுரல்: முன்னாடி சொன்ன ஏத்தத்தையோ இறக்கத்தையோ ரத்து பண்ணு, எழுத்தோட சொந்த இடத்துக்கே போ.

ஷார்ப் குறி நம்ம ஹேஷ்டேக் மாதிரி இருக்கும். சி ஷார்ப்ங்கிற புரோகிராமிங் மொழியோட பேர் கூட இதுலேர்ந்து வந்ததுதான். ஃப்ளாட், நேச்சுரல் ரெண்டு குறிக்கும் மூலம் ஒரே எழுத்து, ஆங்கிலச் சின்ன பி. ஐரோப்பாவுல சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பி-ங்கிற சுரம் மட்டும் ரெண்டு விதமா வந்துச்சு. இறக்கிப் பாடினா உருண்டை பி, இறக்காம பாடினா சதுர பி. உருண்டை பி ஃப்ளாட் குறி ஆச்சு, சதுர பி நேச்சுரல் குறி ஆச்சு. ஜெர்மன்காரங்க இன்னைக்கும் பி ஃப்ளாட்டை வெறும் 'பி'ன்னும், பி நேச்சுரலை 'ஹெச்'ன்னும் சொல்றாங்க.

இப்ப முக்கியமான இடம். நிறையப் பேர் "ஷார்ப்னா கறுப்புக் கட்டை"ன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம். கறுப்போ வெள்ளையோ அது கீபோர்டு செஞ்சவங்க வசதி. ஷார்ப் சொல்றது வேற: இந்த எழுத்து தன் இடத்தை விட்டு ஒரு அரைப்படி மேல நகர்ந்திருக்கு. அதனால இ ஷார்ப்னு ஒண்ணு தாராளமா இருக்கலாம். அது விழுற இடம் எஃப், ஒரு வெள்ளைக் கட்டை. சி ஃப்ளாட் விழுற இடம் பி, அதுவும் வெள்ளை.

சரி, டி-யை ஏத்தினாலும் இ-யை இறக்கினாலும் ஒரே கறுப்புக் கட்டையில வந்து நிக்குது. அப்ப எந்தப் பேரைச் சொல்லணும்? இதுக்குப் பதில் தேட நாம ஸ்ரீவில்லிபுத்தூர் போகலாம்.

முப்பது பாசுரம், முப்பது பாடம்

ஆண்டாள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். திருப்பாவையில முப்பது பாசுரம். கோயில்ல கோஷ்டியா நின்னு சேவிக்கிற முறை ஒண்ணு, கச்சேரியில ராகமா பாடுற முறை இன்னொண்ணு. இன்னைக்கு மேடையிலயும் ரேடியோவுலயும் நாம அதிகமா கேட்கிற மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) அமைச்சது. எம்.எல். வசந்தகுமாரி குரல்ல மார்கழி விடியற்காலை ஸ்பீக்கர்ல கேட்டிருப்பீங்க. நம்ம பக்கம் அதைக் கேட்காம டிசம்பர் மாசத்தைத் தாண்ட முடியாது.

அந்த வரிசையில மேற்கத்திய தியரி புத்தகத்தோட முதல் நாலு அத்தியாயமும் இருக்கு. கணக்கு சுலபமா இருக்க, எல்லாத்துக்கும் ச-வை சி-யில வச்சுக்குவோம். அதாவது ஒரு கட்டை சுருதி.

ஆறாவது பாசுரம் சங்கராபரணம். ச ரி க ம ப த நி, ஏழும் ஏழு வெள்ளைக் கட்டை. சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. ஒரு குறியும் வேண்டாம். இதைத்தான் மேற்கத்திய இசையில சி மேஜர்னு சொல்றாங்க.

பதினேழாவது பாசுரம் கல்யாணி. சங்கராபரணத்துல ம-வை மட்டும் அரைப்படி ஏத்தினா கல்யாணி. சுத்த மத்யமம் போய் பிரதி மத்யமம் வருது. ம இருந்தது எஃப்-ல. அப்ப இது எஃப் ஷார்ப். இதையே "ஜி ஃப்ளாட்"னு எழுதிப் பாருங்க: சி, டி, இ, ஜி ஃப்ளாட், ஜி, ஏ, பி. எஃப் காணாம போச்சு, ஜி ரெண்டு தடவை வருது. ம காணோம், ப ரெண்டு இருக்குன்னு சொல்ற மாதிரி.

பத்தாவது பாசுரம் தோடி. ரி, க, த, நி நாலும் இறங்கியிருக்கு. சி, டி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட். நாலு ஃப்ளாட். ட்யூனர் ஆப் இதை எப்படிக் காட்டும்? சி, சி ஷார்ப், டி ஷார்ப், எஃப், ஜி, ஜி ஷார்ப், ஏ ஷார்ப். சத்தம் அதேதான். ஆனா எழுத்தைப் படிங்க: சி ரெண்டு, ஜி ரெண்டு, இ-யும் பி-யும் இல்லவே இல்ல. இதைப் பார்த்து ஒருத்தர் "இந்த ராகத்துல காந்தாரமும் நிஷாதமும் கிடையாது"ன்னு சொன்னா அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

இப்ப முதல் பாசுரத்துக்கு வாங்க. ராகம் நாட்டை. இதுல ரி சாதாரண ரி இல்ல, ஷட்ச்ருதி ரிஷபம். நல்லா மேல ஏறி நிக்கிற ரி. டி-யைவிட அரைப்படி மேல, அதனால டி ஷார்ப். அதுக்கு மேல க-வும் தனியா இருக்கு, அந்தர காந்தாரம், இ நேச்சுரல்.

அந்தப் பொண்ணைக் குழப்பின கட்டை இங்கதான் இருக்கு. முதல் பாசுரத்து நாட்டையில அந்தக் கறுப்புக் கட்டை ரி, பேர் டி ஷார்ப். பத்தாவது பாசுரத்துத் தோடியில அதே கட்டை க, பேர் இ ஃப்ளாட். நாட்டையில அதை இ ஃப்ளாட்னு எழுதினா இ நேச்சுரலும் பக்கத்துலயே நிக்கும், க ரெண்டாயிடும், ரி இருக்காது. நாட்டை இறங்கும்போது ச நி ப ம ரி ச. க-வைத் தொடாம ம-லேர்ந்து நேரா ரி-க்கு வரும். அந்தக் கடைசி அடியை 'ம க ச'ன்னு சொன்னா நாட்டை பாடுறவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

நாலாவது பாசுரம் வராளி. இது இன்னும் ஒரு படி மேல. இதுல ரி இருக்கிறது டி ஃப்ளாட்ல. க எங்க தெரியுமா? டி நேச்சுரல் இருக்கிற வெள்ளைக் கட்டையில. சுத்த காந்தாரம்னு பேர். வெள்ளைக் கட்டைதானே, டி-ன்னே எழுதிடலாமேன்னு தோணும். ஆனா டி-ங்கிற எழுத்தை ரி எடுத்துக்கிச்சு. அதனால க-வை இ-ங்கிற எழுத்துலதான் எழுதணும், ரெண்டு அரைப்படி இறக்கி: இ டபுள் ஃப்ளாட். தியரி புத்தகத்துல டபுள் ஃப்ளாட் பார்த்தா "இது எந்தக் கிறுக்கன் கண்டுபிடிச்சது"ன்னு கேட்போம். மார்கழி நாலாம் நாள் காலையில நம்ம தெரு ஸ்பீக்கர்ல அதுதான் ஓடிக்கிட்டிருக்கு.

நேச்சுரல் குறிக்கு இருபத்தஞ்சாவது பாசுரம், பெஹாக். இதுல ரெண்டு ம-வும் வரும். இறங்கும்போது ப-லேர்ந்து பிரதி மத்யமம் தொட்டு, க-வுக்கு வந்து, சுத்த மத்யமம் தொட்டு, மறுபடி க-வுக்கு வரும். எழுதினா: ஜி, எஃப் ஷார்ப், இ, எஃப் நேச்சுரல், இ. மேற்கத்திய நொட்டேஷன்ல ஒரு சுரத்துக்கு முன்னாடி ஷார்ப் போட்டா, அந்தத் தாளக் கட்டம் முடியிற வரைக்கும் அதே இடத்துல வர்ற அதே எழுத்துக்கு அது செல்லும். நடுவுல மனசு மாறினா நேச்சுரல் போட்டு ரத்து பண்ணணும். பெஹாக்ல மனசு மாறிக்கிட்டே இருக்கும்.

பதினாறு பேர் எங்கேருந்து வந்துச்சு

பாட்டு டீச்சர்கிட்ட கேட்டா சொல்வாங்க: சுரஸ்தானம் பன்னிரண்டு, பேர் பதினாறு. ச-வும் ப-வும் நகராது. ம-வுக்கு ரெண்டு இடம். ரி, க, த, நி ஒவ்வொண்ணுக்கும் மூணு மூணு. ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, அப்புறம் நாலு மூணு பன்னிரண்டு. மொத்தம் பதினாறு. 17ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூர்ல வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை'யில 72 மேளத்தைக் கணக்குப் போட்டதுக்கு அடிப்படை இந்த ஏற்பாடுதான். ஒவ்வொரு மேளத்துலயும் ஏழு சுரமும் ஒவ்வொரு தடவை வந்தாகணும்.

இப்ப ச-வை சி-யில வச்சு ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வைங்க.

சுத்த ரிஷபம்: டி ஃப்ளாட்
சதுச்ருதி ரிஷபம்: டி நேச்சுரல்
ஷட்ச்ருதி ரிஷபம்: டி ஷார்ப்
சுத்த காந்தாரம்: இ டபுள் ஃப்ளாட்
சாதாரண காந்தாரம்: இ ஃப்ளாட்
அந்தர காந்தாரம்: இ நேச்சுரல்
சுத்த மத்யமம்: எஃப் நேச்சுரல்
பிரதி மத்யமம்: எஃப் ஷார்ப்
சுத்த தைவதம்: ஏ ஃப்ளாட்
சதுச்ருதி தைவதம்: ஏ நேச்சுரல்
ஷட்ச்ருதி தைவதம்: ஏ ஷார்ப்
சுத்த நிஷாதம்: பி டபுள் ஃப்ளாட்
கைசிகி நிஷாதம்: பி ஃப்ளாட்
காகலி நிஷாதம்: பி நேச்சுரல்

ரி எப்பவும் டி. க எப்பவும் இ. த எப்பவும் ஏ. நி எப்பவும் பி. ஒண்ணு கூடத் தவறல. ரெண்டு இசையும் வேற வேற ஊர்ல வளர்ந்தது. ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே தேவை: ஏழு பேரும் வரிசையா ஒவ்வொரு தடவை வரணும், யாரும் விட்டுப்போகக் கூடாது, யாரும் ரெண்டு தடவை வரக் கூடாது. தேவை ஒண்ணா இருந்ததால விடையும் ஒண்ணாப் போச்சு.

சுருதி மாறினா என்ன ஆகும்

பட்டியலை மனப்பாடம் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது ச சி-யில இருக்கிற வரைக்கும்தான். ச நகர்ந்தா எழுத்தும் நகரும்.

சங்கராபரணத்தை அஞ்சு கட்டையில பாடுங்க, ச இப்ப ஜி. ஜி, ஏ, பி, சி, டி, இ, அப்புறம் நி. நி-யிலேர்ந்து மேல் ச-வுக்கு அரைப்படி இருக்கணும். வெறும் எஃப் போட்டா முழுப்படி இருக்கு. அதனால எஃப் ஷார்ப். சங்கராபரணம் கொஞ்சமும் மாறல, எழுத்துல மட்டும் ஒரு ஷார்ப் வந்துடுச்சு. இதைப் பாட்டு ஆரம்பத்துலயே ஒரு தடவை எழுதி வச்சுட்டா அதுதான் கீ சிக்னேச்சர்.

தலைகீழாவும் நடக்கும். கல்யாணியை நாலு கட்டையில பாடுங்க, ச இப்ப எஃப். எஃப், ஜி, ஏ, பி, சி, டி, இ. முழுக்க வெள்ளைக் கட்டை! பதினேழாவது பாசுரத்தைக் கறுப்பைத் தொடாமலே வாசிச்சிடலாம். பதினாறாவது பாசுரம் மோகனம், அதை நாலரைக் கட்டையில வச்சா முழுக்கக் கறுப்புக் கட்டை. புதுசா கீபோர்டு வாங்கின குழந்தைக்கு மோகனம் சொல்லிக் கொடுக்க இதைவிட சுலபமான வழி இல்ல.

அதனால "கல்யாணியில ஷார்ப் இருக்கு", "மோகனம் வெள்ளைக் கட்டை ராகம்"னு யாராவது சொன்னா, எந்தக் கட்டையிலன்னு கேளுங்க. இன்னொண்ணு, நேச்சுரல்ங்கிற பேரைக் கேட்டு அதுதான் இயற்கையான, சுத்தமான சுரம்னு நினைச்சுக்க வேண்டாம். குறி இல்லாத எழுத்துன்னுதான் அதுக்கு அர்த்தம்.

ஆப் ஏன் டி ஷார்ப் காட்டுது

இப்ப என் தொழில் பக்கம். கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற மொழிக்கு மிடின்னு பேர், 1983ல வந்தது. அதுல ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண். நடு சி 60. அந்தக் கறுப்புக் கட்டை 63. நீங்க நாட்டை வாசிச்சாலும் 63, தோடி வாசிச்சாலும் 63. அது ரி-யா க-வான்னு மிடிக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. எந்தக் கட்டை அமுங்கிச்சுன்னு சொல்றது மட்டும்தான் அதோட வேலை.

ட்யூனர் ஆப்புக்கும் அதிர்வெண் மட்டும்தான் கிடைக்குது. திரையில ஏதாவது ஒரு பேர் காட்டணுமே, அதனால எழுதினவங்க பன்னிரண்டு பேரை ஒரு பட்டியல்ல போட்டு வச்சிருப்பாங்க. பெரும்பாலும் ஷார்ப் பேர்தான். ஆப் பொய் சொல்லல. அது இடத்தைச் சொல்லுது, உறவைச் சொல்லல.

நொட்டேஷன் சேமிக்கிற மியூசிக்எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்து பாருங்க. அதுல எழுத்து தனி, ஏத்த இறக்கம் தனி. இ, கழித்தல் ஒண்ணு. டி, கூட்டல் ஒண்ணு. ரெண்டும் வேற வேற பதிவு. கோடு எழுதுற நண்பர்களுக்குச் சொல்லணும்னா, ஒரே மெமரி இடத்தை ரெண்டு வேரியபிள் காட்டுற மாதிரி. மதிப்பு ஒண்ணா இருக்குன்னு ஒரு பேரை அழிச்சுட்டா, ப்ரோகிராம் ஓடும். ஆறு மாசம் கழிச்சு அதைப் படிக்கிறவன் அழுவான்.

உண்மையிலயே ஒரே சத்தம்தானா?

அக்கா சொன்னதுல ஒரு வார்த்தை: "அமுக்கினா ஒரே சத்தம்தானே." கீபோர்டுல ஆமா. தொண்டையில அவ்வளவு உறுதியாச் சொல்ல முடியாது.

தம்புராவோட மந்தரத் தந்தியை மீட்டிட்டுக் கவனிச்சுக் கேட்டா, ச-வுக்கு மேல லேசா ஒரு அந்தர காந்தாரம் கேட்கும். அது ச-வோட அதிர்வுக்கு நாலுக்கு அஞ்சுங்கிற விகிதத்துல இருக்கும். ச 261.6னா அது 327. கீபோர்டுல இருக்கிற இ 329.6. கிட்டத்தட்ட ரெண்டரை அதிர்வு வித்தியாசம். பன்னிரண்டு படியும் சமமா இருக்கணும்னா ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும். அதுக்குப் பதிலா எந்தக் கட்டையை வேணும்னாலும் ச-வா வச்சுக்கலாம். அது ஒரு பேரம்.

இந்தப் பேரம் எல்லாருக்கும் பிடிக்கல. 1940ல ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்துக்குத் தடை போட்டுச்சு. படிக்கட்டு மாதிரி நிக்கிற கட்டையில நம்ம கமகம் வராது, சுரம் இருக்க வேண்டிய இடத்துல இருக்காதுங்கிறது முக்கிய வாதம். 1971ல தடையைத் தளர்த்துற வரைக்கும் முப்பது வருஷத்துக்கு மேல அது நீடிச்சது.

படியை எங்க வெட்டணும்ங்கிற சண்டையில நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரும் உண்டு. ராஜபாளையத்துலேர்ந்து தெற்கே தென்காசி ரோட்டைப் பிடிச்சுப் போனா, தென்காசியைச் சுத்தின ஊர்கள்ல ஒண்ணு சாம்பவர் வடகரை. 1859ல அங்க பிறந்த ஆபிரகாம் பண்டிதர் 1917ல 'கருணாமிர்த சாகரம்'னு ஒரு பெரிய புத்தகம் கொண்டு வந்தார். ஒரு ஸ்தாயியில 22 சுருதின்னு சொல்லிக்கிட்டிருந்தவங்களோட மோதி, 24 சம சுருதிதான்னு வாதாடினார். தொழில்ல அவர் சித்த வைத்தியர். நூறு வருஷம் கழிச்சு ட்யூனர் ஆப்பைப் பார்த்துக் குழம்புற நமக்கு அவர் ஒரு விதத்துல முன்னோடி.

தோடியோட காந்தாரத்தை ஒரு நல்ல பாடகர் பாடும்போது கவனிங்க. அது ஒரு இடத்துல நிக்காது, மேலயும் கீழயும் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். கீபோர்டுல 63ஐ அமுக்கிப் பிடிச்சா அது தோடி ஆகாது. ரி-ங்கிற பேருக்கும் க-ங்கிற பேருக்கும் பின்னாடி நடை, அசைவு, யாரோட சேர்ந்து வரும் எல்லாம் இருக்கு. பேரை மாத்தினா அதெல்லாம் தொலையும்.

அக்காவுக்குப் பதில்

அக்கா, உங்க பொண்ணு எழுதின சி மைனர் இப்படி இருந்திருக்கும்: சி, டி, டி ஷார்ப், எஃப், ஜி, ஜி ஷார்ப், பி. எழுத வேண்டியது: சி, டி, இ ஃப்ளாட், எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி. ஹார்மோனிக் மைனர்னு சொல்ற இந்த ஸ்கேல் நம்ம கீரவாணி. காது தப்புப் பண்ணல, கையும் தப்புப் பண்ணல. க-வுக்கு ரி-யோட பேரையும், த-வுக்கு ப-வோட பேரையும் எழுதினதுக்குத்தான் மார்க் போச்சு.

இதுல கவனிங்க, "சாதாரண காந்தாரம்"னு சொன்ன பாட்டு டீச்சரும், "இ ஃப்ளாட்"னு சொன்ன கீபோர்டு டீச்சரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்காங்க. ஒத்துப் போகாதது ஆப் மட்டும்தான். அது ரெண்டு கிளாஸுக்கும் போகல.

பொண்ணுக்கு மூணு வேலை கொடுங்க.

ஒண்ணு: ஸ்கேல் எழுதும்போது முதல்ல குறி எதுவும் போடாம ஏழு எழுத்தையும் வரிசையா எழுதணும். சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. அதுக்கு அடியில ச, ரி, க, ம, ப, த, நி.

ரெண்டு: அப்புறம் ஒவ்வொண்ணா, இந்த ராகத்துல இந்தச் சுரம் ஏறுதா, இறங்குதா, அப்படியே இருக்கான்னு பார்த்துக் குறி போடணும். எழுத்தை மாத்தக் கூடாது.

மூணு: எழுதி முடிச்சதும் பாடிப் பார்க்கணும். பேரும் குரலும் ஒண்ணா வந்தா சரி.

ஒரு பயிற்சி: கீரவாணியை ரெண்டு கட்டையில எழுதச் சொல்லுங்க. எழுத்து டி, இ, எஃப், ஜி, ஏ, பி, சி. க விழுற இடம் எஃப், குறி வேண்டாம். த இறங்கி பி ஃப்ளாட். நி மேல் ச-வுக்கு அரைப்படி கீழ நிக்கணும், அதனால சி ஷார்ப். ஒரே ஸ்கேல்ல ஒரு ஃப்ளாட்டும் ஒரு ஷார்ப்பும். "ரெண்டும் கலந்து வரலாமா?"ன்னு கேட்கும். வரலாம்.

எதை நிப்பாட்டலாம்னு கேட்டீங்க. பணம், நேரம், ஒன்பதாம் வகுப்புப் படிப்பு இதெல்லாம் உங்க வீட்டுக் கணக்கு, அதுல நான் தலையிட முடியாது. ஆனா குழப்புதுங்கிற காரணத்துக்காக எதையும் நிப்பாட்ட வேண்டாம். சனிக்கிழமை காலையில பஸ்ல போய் ஒரு சுரத்துக்கு ஒரு பேர் கத்துக்கிட்டு, சாயங்காலம் அதே சுரத்துக்கு இன்னொரு பேர் கத்துக்கிற வாய்ப்பு எட்டாம் வகுப்புல எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆப் கேட்டு எழுதினதை ரெண்டு டீச்சர்கிட்டயும் காட்டச் சொல்லுங்க. மார்கழிக்குள்ள அந்தப் பொண்ணு முதல் பாசுரத்து ரி-யையும் பத்தாவது பாசுரத்து க-வையும் கீபோர்டுல ஒரே கட்டையில வச்சு, ரெண்டும் ஏன் வேறன்னு உங்களுக்குப் பாடிக் காட்டிடும்.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.